வாய்மையும் ஆட்சியும்: அமெரிக்க ஜனாதிபதிகள் பற்றிய மதிப்பீடுகள் – ஒரு நோக்கு

அமெரிக்க அரசியல் தலைவர்களின் நேர்மை பற்றிய எழுத்துக்கள் ஒரு கட்டுக்கதையுடன் தொடங்குகின்றன என்பது சுவையான முரணாகும். சிறுவனாயிருந்த ஜோர்ஜ் வாஷிங்டன் தந்தையாரின் செரி மரத்தைக் கைக்கோடரியால் வெட்டியதும், வினவப்பட்டபோது தன்னாற் பொய்யுரைக்க இயலாதெனக் கூறி ஒப்புக்கொண்டதும் உலகறிந்த கதை. மேசன் வீம்ஸ் என்ற மதபோதகர் வாஷிங்டனின் வரலாற்றை 1800 ஆம் ஆண்டில் வெளியிட்டார். செரி மரக் கதை அதன் ஐந்தாம் பதிப்பிலேயே, அதாவது 1806 இல், முதன்முதலாக இடம்பெற்றது. வாஷிங்டன் இறந்து ஏழாண்டுகள் கழிந்திருந்தன. கதைக்கு நம்பத்தகுந்த சான்று எதுவும் இல்லை. வாய்மையைப் போதிக்கும் கதையே வாய்மையற்றது என நகைத்துவிட்டு அப்பாற் செல்வது எளிது. அதன் அமைப்பே கூடுதலாக நோக்கற்பாலது. மரம் தந்தையுடையது, நட்டம் அடைந்தவர் அவர். உண்மை சொல்லப்படுவதும் அவரிடத்தில். மகனை மன்னித்து அணைத்துக்கொள்பவரும் அவரே. தீங்குக்கு ஆளானவர், வாக்குமூலத்தைக் கேட்பவர், மன்னிப்பை வழங்குபவர் ஆகிய மூவரும் இக்கதையில் ஒருவராயிருக்கின்றனர். ஆட்சியதிகாரத்தின் களத்தில் இம்மூவரும் ஒருவராயிருப்பது மிக அரிது.

எனினும் குடும்பத்துக்குள் அடங்கும் இவ்வளவுகோலே பின்வந்த மதிப்பீடுகளிலும் செல்வாக்குச் செலுத்தியுள்ளது. ஆபிரகாம் லிங்கன் 'நேர்மையான ஏப்' எனப் போற்றப்படுவதற்குக் கடைச்சிப்பந்தியாயிருந்த காலத்தில் தவறுதலாகக் கூடுதலாய்ப் பெற்ற சில சதங்களைத் திருப்பிக் கொடுக்க நெடுந்தூரம் நடந்தார் என்ற கதையே பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. 1948 இல் வரலாற்றாசிரியர் ஆதர் ஷ்லெசிங்கர் 55 அறிஞரிடம் கருத்தறிந்து ஜனாதிபதிகளை வரிசைப்படுத்தி 'லைப்' சஞ்சிகையில் வெளியிட்டார். லிங்கன் முதலிடம் பெற்றார். அன்று தொட்டு இத்தகைய தரப்படுத்தல்கள் ஒரு மரபாகவே நிலைபெற்றுள்ளன. தகைமைகளைத் தனித்தனியே பிரித்துப் புள்ளியிட்டுக் கூட்டுவது பிற்கால முறை. முறை எதுவாயினும், அணியிலக்கண நூலார் பெருங்காப்பியத்துக்கு வேண்டிய தன்னேரில்லாத தலைவனைப் போன்ற ஒரு தனிமனிதனே தேடப்படுகிறான். அவன் மனம் தூயதா என்ற வினாவே முன்னிற்கின்றது. அவன் சொல் யார்மீது விழுந்தது என்ற வினா பின்தள்ளப்படுகின்றது.

தன் நேர்மைக்குத் தானே சான்று பகர்ந்த ஓர் உரையை இவ்வகையில் ஆராயலாம். 1952 ஆம் ஆண்டு உப ஜனாதிபதி வேட்பாளராயிருந்த றிச்சர்ட் நிக்சனுக்கு ஆதரவாளர் சிலர் ஏறத்தாழ 18,000 டொலர் கொண்ட நிதியமொன்றை ஏற்படுத்தியிருந்தமை வெளியாயிற்று. அவரை நீக்கிவிடுமாறு ஐசனோவரை வற்புறுத்தியோர் பலர். செப்டெம்பர் 23 ஆம் திகதி இரவு நிக்சன் தொலைக்காட்சியில் அரைமணிநேரம் நாட்டுமக்களிடம் பேசினார். தம் வீட்டின் ஈட்டுக்கடன், பழைய மோட்டார் வண்டி, காப்புறுதி எனச் சொத்தையும் கடனையும் ஒவ்வொன்றாய்க் கணக்கிட்டுக் காட்டினார். தம் மனைவியிடம் விலையுயர்ந்த உரோம மேலங்கி கிடையாது, சாதாரண துணி மேலங்கியே உண்டு என்றார். ரெக்சஸிலிருந்து அன்பளிப்பாக வந்த 'செக்கர்ஸ்' என்ற நாய்க்குட்டியைப் பிள்ளைகள் நேசிப்பதால், யார் என்ன கூறினும் திருப்பிக் கொடுக்கப்போவதில்லை என்றார். ஆதரவுத் தந்திகள் வந்து குவிந்தன, நிக்சன் நிலைத்தார்.

சொற்றிறன் என்ற வகையில் இவ்வுரை குறைத்து மதிப்பிடக்கூடியதன்று. பணம் கொடுத்தோர் அதற்கு ஈடாக யாது பெற்றனர், யாது எதிர்பார்த்தனர் என்பதே எழுப்பப்பட்ட வினா. நிக்சன் அவ்வினாவைத் தொட்டுச் சென்றாராயினும் உரையின் பெரும்பகுதி வேறொரு வினாவுக்கே விடையளிக்கின்றது: நான் செல்வந்தனா? செல்வந்தனல்லன் என்பதைக் கேட்போர் கண்டனர். ஆகவே நேர்மையாளன் எனக் கொண்டனர். வறுமை நேர்மைக்குச் சான்றாயிற்று. எதிர்த்தரப்பில் நின்ற அட்லாய் ஸ்ரீவன்சனுக்கும் ஒரு நிதியம் இருந்தமை பின்னர் தெரியவந்தது. அவர் அதனைப் பற்றி நாய்க்குட்டியோடு பேசத் தெரியாதவர்.

தமிழ் மரபில் உள்ளத்தோடு பொருந்துவதை உண்மை என்றும், வாயோடு பொருந்துவதை வாய்மை என்றும், மெய்யாகிய உடலோடு பொருந்துவதை மெய்மை என்றும் பிரித்துரைப்பர். இப்பாகுபாடு லிங்கனின் பிற்காலச் செயலொன்றை விளங்கிக்கொள்ளப் பெரிதும் உதவுகின்றது. 1865 ஜனவரி 31 ஆம் திகதி அடிமைமுறையை ஒழிக்கும் பதின்மூன்றாவது திருத்தம் பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்புக்கு வரவிருந்தது. தென்மாநிலங்களின் சமாதானத் தூதுவர் வந்துகொண்டிருப்பதாக எழுந்த வதந்தி, தயங்கிநின்ற உறுப்பினரைத் திருத்தத்திலிருந்து பின்வாங்கச் செய்யக்கூடியதாயிருந்தது. லிங்கனிடம் மறுப்புக் கோரப்பட்டது. தமக்குத் தெரிந்தவரை இந்நகரில் சமாதானத் தூதுவர் எவருமில்லை, வரக்கூடிய நிலையுமில்லை என அவர் எழுதி அனுப்பினார். தூதுவர் உண்மையிலேயே வந்துகொண்டிருந்தனர். வாஷிங்டன் நகருக்கன்றி மன்றோ கோட்டைக்கு. திருத்தம் 119 இற்கு 56 என நிறைவேறியது. மூன்றிலிரண்டு பெரும்பான்மைக்கு வேண்டியதிலும் இரண்டு வாக்குகளே மேலதிகமாயிருந்தன. மூன்று நாட்களின் பின் அத்தூதுவரை லிங்கன் நேரிற் சந்தித்துப் பேசினார்.

வாயளவில் அக்குறிப்பிற் பிழை காண்பது கடினம்; உள்ளத்தளவில் அது ஏமாற்றே. குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் எனக் குறளின் வாய்மை அதிகாரம் இசைவளிக்கின்றது. லிங்கனின் குறிப்பு இவ்விசைவுக்குள் அடங்கும் எனலாம். ஏமாற்றப்பட்டோர் சபையில் அமர்ந்திருந்த சில உறுப்பினர். பயனடைந்தோர் அடிமைத்தளையிற் கிடந்த இலட்சக்கணக்கானோர். ஆனால் குறள் விதிக்கும் நிபந்தனை கடுமையானது. விளைவு குற்றமற்றதாயிருத்தல் வேண்டும். அதனைத் தீர்மானிக்கப் பொய் எவர் தலையில் இறங்கிற்று என்று பார்த்தேயாக வேண்டும்.

லிண்டன் ஜோன்சனின் 1964 ஆம் ஆண்டு இப்பரிசோதனைக்கு வாய்த்த ஆண்டு. ஜூலை 2 ஆம் திகதி அவர் குடியியல் உரிமைச் சட்டத்தில் ஒப்பமிட்டார். கறுப்பின மக்களின் உரிமைக்காக அவருக்கு முன்னிருந்த பலர் செய்யத் துணியாததை அவர் செய்தார் என்பதில் ஐயமில்லை. ஐந்து வாரங்கள் கழியுமுன்னரே, ஆகஸ்ட் 4 ஆம் திகதி, ரொங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இரண்டாவது முறையாகத் தாக்கப்பட்டன என அறிவித்து வட வியற்நாம் மீது குண்டுவீச உத்தரவிட்டார். ஆகஸ்ட் 7 ஆம் திகதி பிரதிநிதிகள் சபை 416 இற்கு 0 என்றும், செனற் சபை 88 இற்கு 2 என்றும் அவருக்குப் போர் நடத்தும் அதிகாரத்தை வழங்கின. எதிர்த்த இருவர் வெயின் மோர்ஸும் ஏர்னஸ்ற் குறூனிங்கும். அந்த இரண்டாவது தாக்குதல் நிகழவேயில்லை. அமெரிக்கத் தேசிய பாதுகாப்பு முகவரகத்தின் வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதிய ஆய்வு 2005 இல் இரகசிய நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டபோது, சமிக்ஞைத் தகவல்கள் தாக்குதல் நடந்ததாகத் தோன்றும் வகையில் தெரிந்தெடுத்து முன்வைக்கப்பட்டமை வெளிப்பட்டது. அன்று இரவு ஜோன்சன் எதனை நம்பினார் என்பது இன்றும் விவாதிக்கப்படுகின்றது. ஐயத்துக்கிடமான செய்தியை ஐயமற்ற செய்தியாக அவர் மக்கள்முன் வைத்தார் என்பது விவாதத்துக்குரியதன்று. 1968 அளவில் வியற்நாமில் 5 இலட்சத்துக்கும் அதிகமான அமெரிக்கப் படையினர் நின்றனர்.

இவ்விரு ஜோன்சன்களையும் எவ்வாறு இணைப்பது? உள்நாட்டில் உயர்வு, வெளிநாட்டில் தாழ்வு எனப் புள்ளியிட்டுச் சராசரி காண்பது தரப்படுத்துவோரின் வழக்கம். பெருந்தலைவனின் சோகம் எனக் காவியமாக்குவது வாழ்க்கை வரலாற்றாசிரியரின் வழக்கம். இரண்டிலும் வியற்நாமியக் கிராமத்தவர் ஜோன்சனின் புகழைக் குறைக்கும் ஓர் எண்ணாகவோ, அவரது துயரத்தை மிகுவிக்கும் ஒரு பின்னணியாகவோ மட்டுமே இடம்பெறுகின்றனர்.

இது வெறும் இலக்கியக் குறைபாடன்று என்பதை 1974 ஜூலை மாத இறுதியில் நீதித்துறைக் குழு நடத்திய வாக்கெடுப்புக்கள் காட்டுகின்றன. நிக்சன் 1969 மார்ச் முதல் பதினான்கு மாதங்கள் கம்போடியா மீது இரகசியமாகக் குண்டுவீசச் செய்தார். அக்குண்டுவீச்சுக்கள் தென் வியற்நாமில் நிகழ்ந்தனவாகப் படைத்துறைப் பதிவேடுகள் பொய்யாக எழுதப்பட்டன. 1969 மே மாதம் 'நியூயோர்க் ரைம்ஸ்' இதனை வெளியிட்டபோது செய்தி கசிந்த வழியைக் கண்டறிய அதிகாரிகளதும் பத்திரிகையாளரதும் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டன. வோட்டர்கேற்றில் முடிந்த பாதையின் முதலடிகளுள் இதுவும் ஒன்று. நிக்சனுக்கெதிரான முதலாவது குற்றப்பிரேரணையை 1973 ஜூலையிற் கொண்டுவந்தவர் கத்தோலிக்கக் குருவும் சபை உறுப்பினருமான றொபேட் டிறினன். அவர் மனத்தில் முன்னின்றது கம்போடியாவே. ஓராண்டின் பின் குழு தீர்ப்பளித்தது. வோட்டர்கேற் விசாரணைக்கு இடையூறு செய்தமை பற்றிய பிரிவு 27 இற்கு 11 என நிறைவேறியது. அதிகாரத் துஷ்பிரயோகம் பற்றியது 28 இற்கு 10. கம்போடியக் குண்டுவீச்சைக் காங்கிரசிடமிருந்து மறைத்தமை பற்றிய பிரிவை ஜோன் கொன்யேர்ஸ் முன்மொழிந்தார். அது 12 இற்கு 26 எனத் தோற்றது.

காங்கிரசின் தலைவர் சிலர் குண்டுவீச்சை முன்பே அறிந்திருந்தனர் என்பது எதிர்த்தோரின் வாதங்களுள் ஒன்று. சட்டநோக்கில் அது வலுவுள்ள வாதமே. ஆயினும் அதன் உட்பொருளை ஊன்றி நோக்குதல் வேண்டும். குற்றம் காங்கிரசுக்கு மறைத்தமை. காங்கிரசுக்குத் தெரிந்திருந்தால் குற்றமில்லை. முன்மொழியப்பட்ட அப்பிரிவிற்கூட, உண்மை பெறும் உரிமையுடையோர் அமெரிக்கப் பிரதிநிதிகளே. குண்டின்கீழ் நின்றவன் அவ்வாவணத்தில் ஒரு தரப்பினனல்லன். நிக்சன் ஆகஸ்ட் 9 ஆம் திகதி பதவி துறந்தார். கட்சித் தலைமையகம் ஒன்றினுள் நுழைந்த களவையும் அதனை மறைத்த பொய்யையும் அமெரிக்க அமைப்பு உறுதியுடன் தண்டித்தது. நீதிமன்றமும் பத்திரிகையும் இதில் ஆற்றிய பணி பிற நாட்டவர் பொறாமைப்படத்தக்கதே.

அதன்பின் வந்தோரை விரைந்து நோக்கினாலும் போதும். தாம் பொய்யுரைக்கப்போவதில்லை என்ற வாக்குறுதியோடு 1976 இல் வென்ற ஜிம்மி காட்டர் 1980 இல் ஆறு மாநிலங்களை மட்டுமே வென்று தோற்றார். ஈரானுக்கு ஆயுதம் கொடுத்துப் பணயக் கைதிகளை மீட்கவில்லை என முதலில் மறுத்த றொனால்ட் றேகன், 1987 மார்ச்சில் தம் இதயம் இன்றும் அதனையே சொல்கின்றது, சான்றுகள் வேறு சொல்கின்றன என்றார். இதயத்துக்கே மன்னிப்புக் கிடைத்தது. பில் கிளின்ரன் தம் அந்தரங்க உறவு பற்றிய பொய்யை 1998 ஆகஸ்ட் 17 ஆம் திகதி நாட்டுமக்கள்முன் ஒப்புக்கொண்டார். மூன்று நாட்களின் பின் இரசாயன ஆயுதப் பொருள் தயாரிக்கப்படுகிறதெனக் கூறிச் சூடானில் மருந்துத் தொழிற்சாலையொன்றை ஏவுகணைகளால் அழித்தார். அக்கூற்றுக்குக் காட்டிய சான்று பின்னர் பெரிதும் ஐயத்துக்குள்ளாயிற்று. டிசெம்பரிற் சபை அவர்மீது சுமத்திய குற்றச்சாட்டுக்கள் அந்தரங்க உறவைச் சார்ந்தவை மாத்திரமே. செரி மரம் மீண்டும் வெட்டப்பட்டது எனலாம். 2003 இல் ஈராக்கின் பேரழிவு ஆயுதங்கள் பற்றி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் அரசு கூறியவை பொய்த்தபோதும், அவர் பொய்யுரைத்தாரா அன்றேல் தாமே நம்பினாரா என்ற உள்ளத்து ஆராய்ச்சியே நூல்களை நிரப்பிற்று. டொனால்ட் ட்ரம்பின் முதலாவது ஆட்சியில் பொய்யான அல்லது திசைதிருப்பும் கூற்றுக்கள் 30,573 என 'வாஷிங்டன் போஸ்ற்' எண்ணிக் காட்டியது. பெருமுயற்சி அது, ஆனால் பதவியேற்பு விழாக் கூட்டத்தின் அளவு பற்றிய பொய்யும், மனித உயிரைத் தொடும் பொய்யும் அவ்வெண்ணிக்கையில் ஒவ்வொன்றாகவே நிற்கின்றன.

மாற்று அளவுகோலை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. அது 'நேர்மையான ஏப்' கதைகளிற் பெரும்பாலும் இடம்பெறாத இளம் லிங்கனிடத்திலேயே உண்டு. அமெரிக்க மண்ணில் அமெரிக்க இரத்தம் சிந்தப்பட்டது எனக் கூறி ஜனாதிபதி போல்க் 1846 இல் மெக்சிக்கோவுடன் போர் தொடுத்தார். 1847 டிசெம்பரில், சபைக்குப் புதிதாக வந்திருந்த லிங்கன் எட்டுத் தீர்மானங்களை முன்வைத்தார். போல்க் நல்லவரா, தாம் சொன்னதை நம்பினாரா என்பவற்றை அவை கேட்கவில்லை. இரத்தம் சிந்திய அந்த இடம் எது, அது எவருடைய மண் என்றே கேட்டன. சபை அவற்றை வாக்கெடுப்புக்கு எடுக்கவில்லை. போல்க் மறுமொழி கூறவுமில்லை. சொந்த மாநிலத்தில் லிங்கன் ஏளனத்துக்குள்ளானார். அத்தீர்மானங்களுள் ஒன்று, அவ்விடத்தில் வாழ்ந்த மக்கள் அமெரிக்கப் படை வருவது கண்டு, வீடுகளையும் வளர்ந்துகொண்டிருந்த பயிர்களையும் காவலின்றி விட்டு ஓடிப்போகவில்லையா எனக் கேட்கின்றது.