வெட்டுப்பட்ட காட்சியும் அரக்கனும்

ஜேம்ஸ் வேல் இயக்கிய 'ஃபிராங்கன்ஸ்டைன்' (1931) படத்தை நான் முதலில் பார்த்தது ஒரு பழைய வீடியோ கேசட்டின் நகலில். ஏரிக்கரையில் மரியா என்ற சிறுமி அந்த உருவத்தின் கையில் பூவைக் கொடுக்கிறாள். கொஞ்ச நேரத்தில் அவன் அவளை நோக்கிக் கைகளை நீட்டுகிறான். அத்தோடு காட்சி அறுந்துவிடுகிறது. அப்புறம் கல்யாணக் கொண்டாட்டத்தின் நடுவே செத்த மகளைத் தூக்கிக்கொண்டு அப்பன் நடந்து வருகிறான். இடையில் என்ன நடந்திருக்கும்? நான் நினைத்தது அசிங்கமானது. அதை வைத்து ஒரு திரையிடல் விவாதத்தில் ரொம்ப உறுதியாகப் பேசவும் செய்தேன்.

முழுப் பிரதியைப் பிறகுதான் பார்த்தேன். பூக்களைத் தண்ணீரில் போட்டு மிதக்கவிடுவது மரியா சொல்லிக்கொடுத்த விளையாட்டு. அவன் சிரிக்கிறான். கையிலிருந்த பூ தீர்ந்துபோகிறது. அவளும் மிதப்பாள் என்று தூக்கிப் போடுகிறான். மிதக்கவில்லை. பதறிப்போய்த் தடுமாறி ஓடுகிறான். அவ்வளவுதான். பார்வையாளனைக் காப்பாற்றுவதாக நினைத்து இந்தச் சில நொடிகளை வெட்டினார்கள். அந்தத் துண்டு மறுபடி சேர்க்கப்பட்டது 1980களில். அதுவரை, விளையாட்டில் நேர்ந்த ஒரு பிழையைச் சொல்லக் கூசும் குற்றமாக மாற்றிவைத்திருந்தது கத்தரிக்கோல். நான் விவாதத்தில் பேசியதும் அந்தக் கத்தரிக்கோலின் பேச்சுதான்.

ஆனால் தணிக்கையை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது. வெட்டு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. மேரி ஷெல்லியின் நாவலில் (1818) அந்தப் படைப்பு பேசும், மில்டனை வாசிக்கும், தன்னைப் படைத்தவனிடம் வழக்காடும். படம் அவனுடைய மொழியைப் பிடுங்கிக்கொண்டு பதிலுக்கு ஒரு குற்றவாளியின் மூளையை வைக்கிறது. குற்றம் உடலிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்ற லொம்ப்ரோஸோ காலத்துச் சொல்லாடல் இது. வேடிக்கை என்னவென்றால் கதையாடலே இதை நம்பவில்லை. சவுக்காலும் தீப்பந்தத்தாலும் வதைத்த ஃபிரிட்ஸைக் கொல்கிறான். தன்னை அறுத்துப் பிரிக்க வந்த டாக்டர் வால்ட்மனைக் கொல்கிறான். இதற்கெல்லாம் கெட்ட மூளை எதற்கு? (மணப்பெண் எலிஸபெத்தின் அறைக்குள் அவன் நுழைவதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அதைப் பயமுறுத்தலுக்காகச் சேர்த்த காட்சியாகத்தான் வாசிக்க முடிகிறது.)

ஜாக் பியர்ஸின் ஒப்பனையைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. எனக்கு முக்கியம் போரிஸ் கார்லாஃபின் கைகள். கூரை திறந்து வெளிச்சம் விழும்போது அதைப் பிடிக்கப் பார்க்கும் கைகள், வெளிச்சத்தை மூடியதும் தனக்கு அது வேண்டுமென்று கேட்கும் கைகள். வசனம் இல்லாத இடத்தில் ஒரு நடிகன் நாவலின் வழக்கைத் திரும்பப் பேசிவிடுகிறான். அவனுக்குத் தொடக்க எழுத்துகளில் பெயர்கூட இல்லை, வெறும் கேள்விக்குறி. விளம்பர உத்திதான், இருந்தாலும் உறுத்துகிறது. அந்தக் கனத்த வேஷத்துக்குள் உழைத்த கார்லாஃப், 1933இல் 'ஸ்கிரீன் ஆக்டர்ஸ் கில்ட்' என்ற நடிகர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்பதைத் தோழர்கள் குறித்துக்கொள்ளலாம்.

'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' (1935) படத்தில் வேல் அவனைப் பேசவைத்தார். கார்லாஃபுக்கு இதில் உடன்பாடில்லை. எனக்கு உண்டு. கண் தெரியாத துறவி ஒருவர் ரொட்டி, மது, நண்பன் என்று ஒவ்வொரு சொல்லாகக் கற்றுத்தருகிறார். அவருக்கு அவன் முகம் தெரியாது, அதனால் பாடம் ஒழுங்காக நடக்கிறது. அப்புறம் வழி தவறிய இரண்டு வேட்டைக்காரர்கள் துப்பாக்கியோடு உள்ளே வருகிறார்கள். அவர்களுக்குக் கண் தெரியும்.