யாருக்குத் தெரியக் கூடாது?

பெரியவர்களுக்கான பல் சீரமைப்பு விளம்பரங்களை ஒரு பிரதியாக வாசித்தால், அவை பல்லைவிடக் கண்ணைப் பற்றியே அதிகம் பேசுகின்றன. வெளியே தெரியாது, பக்கத்தில் இருப்பவர்கூடக் கண்டுபிடிக்க முடியாது, தயங்காமல் அலுவலகம் போகலாம். இங்கே விற்கப்படும் சரக்கு 'தெரியாது' என்பதுதான். யாருக்குத் தெரியக் கூடாது என்பதை மட்டும் விளம்பரம் சொல்வதில்லை.

பதின்மூன்று வயது மகளுக்கு உலோகக் கிளிப் போடும் வீட்டில் இந்த ஒளிவுமறைவு கிடையாது. எத்துப்பல்லோடு நாளைக்கு எப்படிக் கட்டிக்கொடுப்பது என்ற கவலையை எல்லாரும் வாய்விட்டுச் சொல்வார்கள். நகைச்சீட்டு மாதிரி அதுவும் ஒரு குடும்பச் செலவு. அதே பெண் நாற்பது வயதில், சொந்தச் சம்பளத்தில், தெத்துப்பல்லைச் சரிசெய்ய நினைத்தால் கேள்வி வேறு: "இந்த வயசுல யாருக்குக் காட்டப் போற?" இந்தக் கேள்வியின் மேலான பயத்தில்தான் மறைப்பு விலைபோகிறது. 'பொம்பள சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு' என்று சொல்லிச் சொல்லி வாய்பொத்திச் சிரிக்கப் பழக்கிய சமூகம் இப்போது நன்றாகச் சிரி என்கிறது. அந்தச் சிரிப்புக்கு நீ ஆசைப்பட்டது மட்டும் தெரிய வேண்டாமாம்.

கேசாதிபாத வருணனைகளில் பெண்ணின் பல் முத்தாகவோ முல்லை அரும்பாகவோ இருக்கும். எதிரில் நின்று பார்ப்பவனின் பல் அது. இலக்கணக்காரர்கள் அறிந்த பல் வேறு. தொல்காப்பியர் பிறப்பியலில் அண்ணத்தை ஒட்டிய பல்லடியில் நாக்கு நுனி பரந்து படும்போது த, ந பிறக்கும் என்கிறார். பல்லும் இதழும் பொருந்தினால் வ. இது உள்ளேயிருந்து, நாவின் பக்கமிருந்து அறியப்பட்ட பல். சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பவள் இந்தப் பக்கத்திலிருந்து யோசிப்பது நல்லது என்பது என் கட்சி.

லிங்குவல் கிளிப்பை எடுத்துக்கொள்வோம். பல்லின் பின்புறத்தில் ஒட்டப்படுவதால் வெளியே துளியும் தெரியாது. தொல்காப்பியர் சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே அது உட்கார்ந்துவிடுகிறது. நாக்கு புண்ணாகும், பேச்சு சில வாரங்களுக்குக் குழறும், துலக்குவதும் கடினம். பாடம் நடத்திப் பிழைக்கிறவள் இதை யோசிக்க வேண்டும். 1970களில் இருவர் தனித்தனியே இம்முறையை உருவாக்கினார்கள். அமெரிக்காவின் கிரேவன் கர்ஸிடம் வந்தவர்கள் கம்பி வெளியே தெரிவதை விரும்பாதவர்கள். ஜப்பானின் கின்யா ஃபுஜிதாவோ தற்காப்புக் கலை பயில்வோரின் உதடும் கன்னமும் கம்பியில் கிழியாமலிருக்க வழி தேடினார். காக்கவும் மறைக்கவும் ஒரே கம்பி உதவும். விளம்பரத்தில் இடம்பிடித்தது மறைப்பு மட்டும்தான்.

செராமிக் கிளிப் பல்லின் நிறம் கொண்டது, ஆனால் உலோகத்தைவிட எளிதில் உடையும். அதைக் கட்டும் ரப்பர் வளையங்களை நம் சாம்பாரின் மஞ்சள் சும்மா விடாது.

அடுத்தது அலைனர். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை; வாரம் ஒன்றோ இரண்டோ கழிந்ததும் அடுத்த உறை. 1997இல் தொடங்கிய அலைன் டெக்னாலஜி தன் உறைக்கு இன்விசலைன் என்று பெயரிட்டது. 'தெரியாமை' பெயரிலேயே இருக்கிறது. பல பேருக்குப் பல்மேல் சிறு சிறு புடைப்புகளையும் ஒட்டுவார்கள் என்பது அந்தப் பெயரில் இல்லை. நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் அணிய வேண்டும். தண்ணீர் தவிர எதை உண்டாலும் குடித்தாலும் கழற்ற வேண்டும், துலக்கிவிட்டு மாட்ட வேண்டும். மேசையில் பரிமாறப்பட்டு மூன்று வேளை உண்பவரின் வாயை மனதில் வைத்த கணக்கு இது. குழம்பில் உப்புப் பார்ப்பவளுக்கும், குழந்தை மிச்சம் வைத்த இட்லியை நின்றபடி தின்பவளுக்கும் வேளை என்று தனியாக ஒன்று ஏது? கல்லூரியில் தேநீர் இடைவேளைக்குப் பின் துலக்கத் தண்ணீர் வரும் பெண்கள் கழிப்பறை இருக்கிறதா என்று எந்தக் கையேடும் கேட்பதில்லை.

மருத்துவரின் கண்ணிலிருந்தும் மறைந்துகொள்ளலாம் என்கிற எல்லைவரை இந்த ஆசை போனது. அமெரிக்காவின் ஸ்மைல் டைரக்ட் கிளப், மருத்துவரை நேரில் பார்க்காமலே அஞ்சலில் அலைனர் அனுப்பியது. 2023 டிசம்பரில் நிறுவனம் மூடப்பட்டது. சிகிச்சையின் நடுவில் இருந்தவர்கள் பாதியில் நின்றார்கள். பல்லை நகர்த்துவது என்றால் எலும்பை ஒருபக்கம் கரைத்து மறுபக்கம் வளரவிடுவது. வேரையும் எலும்பையும் எக்ஸ்ரேயில் பார்க்காமல், ஈறு நோய் இருந்தால் அதை முதலில் ஆற்றாமல் தொடங்கக் கூடாது.

பல்லை நேராக்குவதை நான் எதிர்க்கவில்லை. நெருக்கமான பற்களின் இடுக்கில் அழுக்குச் சேரும், கடி சரியில்லாவிட்டால் பல் தேயும். அழகுக்காக என்றாலும் அது அவளுடைய அழகு. சிறிய இடைவெளிக்கு அலைனர் போதும். அதிகம் திரும்பிய பல்லுக்குக் கம்பியின் பிடி பெரும்பாலும் நம்பகமானது. அதில் விலை குறைந்தது பளிச்சென்று தெரியும் உலோகக் கிளிப்தான். மருத்துவமனைக் கையேட்டில் அது கடைசிப் பக்கத்தில் இருக்கும், பள்ளிச் சீருடை அணிந்த ஒரு சிறுமியின் படத்தோடு.