விடியலை வாங்கும் கண்ணாடி

வேடந்தாங்கல் ஏரிக்கரை. தை மாதக் காலை. சூரியன் இன்னும் மேலே வரவில்லை. நீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் நாரைகள் சிறகை உதறத் தொடங்கிவிட்டன. கரையில் சின்ன சூம் கேமராவோடு நிற்பவரின் திரையில் நாரை பெரிதாகத்தான் தெரிகிறது. ஆனால் இறகுகள் மெழுகு பூசியதுபோல் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. பத்தடி தள்ளி முக்காலியில் பெரிய லென்ஸை ஏற்றியிருப்பவரின் படத்தில் ஒவ்வோர் இறகுக்கும் தனி விளிம்பு இருக்கிறது. நிற்பது ஒரே கரை, பார்ப்பது ஒரே நாரை.

வேறுபாடு வெளிச்சத்தில் இருக்கிறது. சின்ன சூம் கேமராவுக்கு எடுத்துக்காட்டாக, 2015இல் வந்த நிக்கான் பி900 கேமராவில் 83 மடங்கு சூம். எட்டும் தூரத்தை 2000 மி.மீ. லென்ஸுக்கு நிகர் என்பார்கள். உள்ளே இருப்பதோ 357 மி.மீ. லென்ஸும், சுண்டுவிரல் நகமளவு சென்சாரும்தான். முழு அளவு சென்சாரின் பரப்பு அதைப்போல் ஏறக்குறைய 30 மடங்கு. இருந்தும் அந்தக் கேமராவைக் குறைத்துப் பேச மனம் வராது. உச்சி வெயிலில், தோளில் சுமை இல்லாமல், தொலைவில் அமர்ந்திருக்கும் பருந்து எந்த வகை என்று கண்டுகொள்ள அதைப்போல் உதவும் கருவி குறைவு.

அடுத்த படி பெரும்பாலும் 150-600 லென்ஸ். எடை ஏறத்தாழ 2 கிலோ; பலர் ஆயுள் முழுக்க அதிலேயே நிறைவாக இருக்கிறார்கள். அதற்கும் மேலே 600 மி.மீ. எஃப்/4. விலை பத்து லட்சத்தைத் தாண்டும். இத்தனை பணம் கொடுத்தும் பறவை ஓர் அங்குலம்கூட நெருங்கி வராது, இரண்டுமே 600தான். மாறுவது லென்ஸின் திறப்பு. 150-600 லென்ஸின் எஃப்/6.3இல் 95 மி.மீ. அகலம் இருப்பது எஃப்/4இல் 150 மி.மீ. ஆகிறது, உள்ளே வரும் ஒளி இரண்டரை மடங்கு. 1/800 நொடியில் எடுக்க வேண்டிய படத்தை 1/2000இல் எடுக்கலாம். ஆலா திரும்பும்போது கலங்கிப்போகும் சிறகு நுனி அந்த வேகத்தில் தெளிந்து நிற்கும். பின்னால் இருக்கும் முள்ளும் புதரும் கரைந்து பச்சை நிறமாகிவிடும். சூரியன் எழுமுன் கிடைக்கும் அந்த அரைமணி நேரத்துக்குத்தான் இவ்வளவு விலை.

மிரர்லெஸ் கேமராக்கள் வந்த பிறகு பறவையின் கண்ணைக் கேமராவே தேடிப் பிடிக்கிறது. அதைவிடப் பெரிய வரம் அமைதி. 2021இல் வந்த நிக்கான் இசட்9இல் இயந்திர ஷட்டரே கிடையாது. படபடவென்ற ஓசை கேட்டுத் தலை தூக்கும் குருவியைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

காட்டுயிர்களைப் படமெடுத்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணனுக்கு இதில் எதுவும் வாய்க்கவில்லை. ஒரு கம்பெனியின் கேமராவில் வேறொரு கம்பெனியின் லென்ஸைப் பொருத்தி, அந்தக் கனத்த ஒட்டுக் கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு காடு காடாக நடந்தார். கறுப்பு வெள்ளையில் யானைகளைப் படமெடுத்தார். கருவியின் குறையை ஈடுகட்டியது விலங்கின் போக்கை அவர் படித்திருந்த விதம்.

அந்தப் படிப்பு பெரிய லென்ஸுக்கு மாறுகிறவருக்கும் முதல் வாரத்திலேயே தேவைப்படுகிறது. 600 மி.மீ. வழியே தெரிவது வானத்தின் சிறு துண்டு. பறக்கும் பஞ்சுருட்டானை அதற்குள் கொண்டுவருவதற்குள் அது போய்விடும். சின்னக் கேமராவோடு பல மாதம் அதன் பின்னால் அலைந்தவர் வானத்தில் துழாவமாட்டார். அது எழும்பிய காய்ந்த கொம்பின் நுனியில் ஃபோகஸை வைத்துக் காத்திருப்பார். சற்று நேரத்தில் அலகில் தும்பியோடு அதே கொம்புக்குத் திரும்பும் பஞ்சுருட்டான், இரையை இருமுறை கொம்பில் அடித்துவிட்டு வாயைத் திறக்கும்.