சீட்டுக்கு அடியில் ஒரு மின்சார சபை

பதுளை டவுனில் வரிசையாக நிற்கிற மோட்டார் சைக்கிள்களைப் பார்த்தாலே, எது மேலே தோட்டத்துக்கு ஏறுகிற வண்டி, எது டவுனுக்குள்ளேயே சுற்றுகிற வண்டி என்று சொல்லிவிடலாம். தோட்டத்து வண்டிக்கு முன்னால் மஞ்சள் வெளிச்சம் தரும் இரண்டு பொக் லைட் இருக்கும். ஹேண்டிலில் போனுக்கு சார்ஜ் ஏற்றும் யூ.எஸ்.பி. முனை, கம்பெனி ஹோர்னுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு ஹோர்ன். இதையெல்லாம் சோடிப்பு என்று சொல்கிறவர்கள் கார்த்திகை மாதத்தில் ஒருமுறை ஸ்பிரிங்வெளி ரோட்டில் ஏறிப்பார்க்கட்டும். பதுளை டவுன் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர். ஸ்பிரிங்வெளிக்கு மேலே நிற்கும் நமுனுகுலையின் உச்சி 2,036 மீற்றர். வடகீழ்ப் பருவமழை பிடித்துக்கொண்டால் ஒரு வளைவில் வெயில், அடுத்த வளைவில் முன்சில்லே தெரியாத பனிமூட்டம். ரோட்டோரத்தில் கொழுந்துச் சாக்கோடு ஆட்கள் நடந்து வருவார்கள். லைட்டும் ஹோர்னும் அவர்களுக்காகவும்தான்.

ஆனால் வெளியே தொங்குகிறவற்றில் எனக்கு ரசனை இல்லை. காசு கொடுத்தால் யாரும் வாங்கி மாட்டலாம். இத்தனைக்கும் கரன்ட் எங்கிருந்து, எப்படிப் பிரிந்து போகிறது என்று சீட்டைக் கழற்றிப் பார்க்கும்போதுதான் செய்தவரின் கை தெரியும்.

பத்து வண்டியில் ஒன்பதில் தெரிவது ஒரே காட்சிதான். ஹெட்லைட்டுக்குப் போகிற வயரை பிளேடால் சீவி, புது வயரை அதில் முறுக்கி, மேலே கறுப்பு டேப். அடுத்த மாதம் ஹோர்ன் வாங்கினால் அதே முறுக்குக்குப் பக்கத்தில் இன்னொரு முறுக்கு. வெயிலில் டேப்பின் பசை இளகி வழியும். மழையில் உள்ளே தண்ணீர் இறங்கிச் செம்பு பச்சை பூக்கும். கம்பெனி ஒரேயொரு ஹெட்லைட்டுக்குக் கணக்குப் பார்த்துப் போட்ட மெல்லிய வயர் நான்கு பேருக்குச் சோறு போட வேண்டியிருக்கிறது. வண்டி நடுவழியில் நின்றால் பழி பெட்டரிக்கு.

மின்சாரத்தைப் பங்கிடும் கலை மலையகத்துக்குப் புதிதல்ல. தேசிய மின்வலை வந்து சேர்வதற்கு முன்பே பல தேயிலைத் தொழிற்சாலைகள் ஓடைத் தண்ணீரில் சொந்தமாகக் கரன்ட் எடுத்தன. ரோலர் உருண்டது, பங்களாவில் விளக்கு எரிந்தது. தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்கு மட்டும் அந்தக் கரன்ட் வரவில்லை. அங்கே மண்ணெண்ணெய் விளக்கு பல பத்தாண்டுகள் நீடித்தது. சுவிட்ச்போர்டு என்பது பேக்டரிக்குள் இருக்கிற, பிட்டர் மட்டும் தொடுகிற சாமான். இன்று லயத்துப் பையன் ஒருவன் தன் வண்டிக்குத் தானே ஒரு சுவிட்ச்போர்டு கட்டுகிறான் என்றால் எனக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம் உண்டு.

ஸ்பிரிங்வெளியில் ஒரு தம்பி கட்டிய பெட்டி இப்போது என் முன்னால் திறந்திருக்கிறது. வெளியே பார்த்தால் மூடி இறுகப் பொருந்துகிற சாதாரண பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி. உள்ளே இருப்பதில் பாதி கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வந்தது; கழித்துப்போட்ட ஜப்பான் கார்களின் உறுப்புகள் மலிவாகக் கிடைக்கிற இடம் அது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடத்தில் இருக்கிற வண்டியை வைத்துச் சமாளிக்கப் பழகிய கைகள் இவை.

கரன்ட் போகிற வழியைப் பார்ப்போம். பெட்டரியின் பிளஸ் முனையிலிருந்து தடித்த வயர் ஒன்று கிளம்புகிறது. ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே 30 அம்பியர் பியூஸ். அந்த ஒரு சாண்தான் முக்கியம். பெட்டரிக்கும் முதல் பியூஸுக்கும் இடையில் உள்ள வயர் எங்காவது தேய்ந்து சேஸியைத் தொட்டால் அதைத் தடுக்க யாருமில்லை. ஆகவே அந்தத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. அங்கிருந்து ரிலேக்கு வருகிறது. ரிலேயின் அடியைத் திருப்பிப் பார்த்தால் 30, 85, 86, 87 என்று எண்கள் இருக்கும். ஜெர்மனியின் டி.ஐ.என். 72552 தரம் வைத்த எண்கள். கார் ஜப்பானோ ஜெர்மனியோ, பெரும்பாலான ரிலேக்களில் இதே எண்கள்தான். 85க்கும் 86க்கும் நடுவே செம்புச் சுருள். சாவியைத் திருப்பினால் உயிர் பெறும் பார்க் லைட் வயரிலிருந்து ஒரு நூலளவு கரன்ட் மட்டும் அதற்குப் போகிறது, கால் அம்பியருக்கும் குறைவு. சுருள் காந்தமாகி உள்ளே தகட்டை இழுத்ததும் 30க்கும் 87க்கும் தொடுப்பு விழுகிறது. பெரிய பாரத்தையெல்லாம் பெட்டரி நேரே சுமக்கிறது. ஹேண்டிலில் இருக்கிற குட்டி சுவிட்சுக்கோ கம்பெனி வயருக்கோ எந்தச் சுமையும் இல்லை. கம்பெனி வயரில் இந்தத் தம்பி தொட்டது அந்த ஒரே இடத்தைத்தான். அங்கும் சீவவில்லை, கழற்றி மாட்டும் கப்ளர் போட்டிருக்கிறார். நாளைக்கு வண்டியை விற்றால் பெட்டியைக் கழற்றிக்கொண்டு, வண்டியை வந்தபடியே கொடுக்கலாம். இதைத்தான் நான் நாகரிகம் என்பேன்.

87லிருந்து பியூஸ் வரிசை. மண்ணிறம் 7.5 அம்பியர், சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20. கத்தி போல இரண்டு கால் கொண்ட இந்த பியூஸை லிட்டில்பியூஸ் கம்பெனி கொண்டுவந்தது 1976இல். உருகும் கம்பியைத் தன் மின்விநியோக முறையின் அங்கமாக எடிசன் காப்புரிமை செய்தது 1890இல். இத்தனை காலமாகியும் பியூஸ் எதற்கு என்று கேட்டால் பாதிப் பேர் தப்பாகத்தான் சொல்கிறார்கள். 40 வாட் லைட்டுக்கு மூன்று அம்பியர் சொச்சம் தானே வேண்டும், 20 அம்பியர் பியூஸ் போட்டால் ஒருநாளும் எரியாது என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு. தம்பி சொன்ன விளக்கத்தில் வார்த்தை குறைவு:

“அண்ணே, பியூஸ் லைட்டுக்கு இல்ல, வயருக்கு. லைட் போனா இன்னொன்னு வாங்கலாம். வயர் பத்துனா டேங்குக்கு அடியில பத்தும்.”

எந்த வயர் எவ்வளவு தாங்குமோ அதற்குக் கீழே பியூஸ். பொக் லைட்டுக்கு 7.5, ஹோர்ன் ஜோடிக்கு 15, யூ.எஸ்.பி.க்கு 3. சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி பியூஸாக்குகிற வித்தையை இந்தப் பகுதியில் கராஜ்களிலேயே பார்க்கலாம். அதைச் செய்கிறவரை நான் கெட்டிக்காரர் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வயரில்தான் கை இன்னும் நன்றாகத் தெரிகிறது. வீட்டுக்குக் கரன்ட் இழுக்கிற 7/0.67 வயர் எந்தக் கடையிலும் கிடைக்கும், நல்ல செம்பு, 2.5 சதுர மில்லிமீற்றர். ஆனால் ஏழே ஏழு இழை, விறைப்பானது. சுவருக்குள் அசையாமல் கிடக்கப் பிறந்தது அது. ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் நடுக்கத்தில் ஓர் இழை ஓர் இழையாக ஒடியும். இவர் போட்டிருப்பது கார் வயர். அதே கனத்துக்கு மயிர் போன்ற பல இழைகள், மேலே மெல்லிய ஆனால் சூட்டையும் எண்ணெயையும் தாங்குகிற உறை. கனத்தையும் சும்மா கண்ணால் அளந்து போடவில்லை. ஹோர்ன் இரண்டும் 8 அம்பியர் இழுக்கின்றன, போகவும் வரவும் இரண்டு மீற்றர் வயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.5 சதுர மில்லிமீற்றர் வயரில் வழியிலேயே அரை வோல்ட்டுக்கு மேல் தொலையும். 2.5இல் 0.11 வோல்ட்தான். ஹோர்ன் தொண்டை கட்டினாற்போலக் கத்துவதற்கும் கணீரென்று கத்துவதற்கும் அதுவே வித்தியாசம்.

மூட்டுகளைப் பாருங்கள். ஈயம் வைத்தால் உறுதி என்று நம்புகிறவர்கள் அதிகம். வீட்டு ரேடியோவுக்கு அது சரி. நடுங்குகிற வண்டியில், உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரின் ஒரு பகுதியைக் கம்பியாக விறைக்கச் செய்கிறது. விறைப்பு முடிகிற அந்த விளிம்பில்தான் அத்தனை ஆட்டமும் வந்து குவியும், அங்கேயே ஒடியும். இவர் ஒவ்வொரு டெர்மினலையும் அதற்கான குறட்டால் இரண்டு இடத்தில் அமுக்கியிருக்கிறார்: முன் காது செம்பை இறுக்குகிறது, பின் காது உறையைப் பிடிக்கிறது. அதற்கு மேல் சூடுபட்டால் சுருங்குகிற குழாய், ஓரத்தில் பசை லேசாகக் கசிந்து வளையமாக நிற்கிறது. பிடித்து இழுத்தேன், அசையவில்லை. சாதாரணக் குறட்டால் நசுக்கியிருந்தால் கையோடு வந்திருக்கும்.

மைனஸ் வயர்களை யாரும் மதிப்பதில்லை. பக்கத்தில் எந்த போல்ட் இருக்கிறதோ அதில் மாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். பெயின்ட் பூசிய சேஸியில் துரு ஏறினால் லைட் மங்கும். ஆள் கடைக்குப் போய்ப் புது பல்ப் வாங்கி வருவார். இந்தப் பெட்டிக்குள் ஒரு பித்தளைப் பட்டை இருக்கிறது. எல்லா மைனஸும் அங்கே வந்து சேர்ந்து, ஒரே தடித்த வயராகப் பெட்டரிக்குத் திரும்புகிறது.

மழைக்கு அவர் செய்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. பெட்டியின் வாய் எல்லாம் கீழ்ப்பார்வை. ஒவ்வொரு வயரும் உள்ளே நுழையும் முன் ஒரு வளைவு தாழ்ந்து பிறகு மேலேறுகிறது. வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். எல்லா இடுக்கையும் சிலிக்கனால் அடைத்த பிறகு, அடியில் ஒரு சிறிய துளையை வேண்டுமென்றே விட்டிருக்கிறார். இரவுக் குளிரில் பெட்டிக்குள் வேர்க்கும் என்பது இங்கே இருக்கிறவருக்குத்தான் தெரியும்.

பெட்டி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் கரன்டை அது உண்டாக்காது. சின்ன எஞ்சினின் மெக்னட் தருவது அளவானது, அதிலும் ஐட்லிங்கில் மிகக் குறைவு. இவர் ஹேண்டிலில் ஒரு சின்ன வோல்ட் மீற்றர் வைத்திருக்கிறார். வண்டி நிற்கையில் 12.6, ஓடுகையில் 14ஐ ஒட்டி. பொக் லைட்டைப் போட்டுக்கொண்டு டவுனில் நின்றால் எண் இறங்குவதைப் பார்த்து அணைத்துவிடுகிறார். எதிரே வருகிறவரின் கண்ணுக்கும் அது நல்லது. லைட்டைக் கீழ்நோக்கித் திருப்பாமல் கண்ணில் அடிக்கிறவர்களால்தான் பொலிஸாருக்கு எல்லா லைட்டின் மேலும் கோபம் வருகிறது. 2025 ஜனவரியில் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் மேலதிகமாக மாட்டியவற்றைக் கழற்றச் சொல்லி அவர்கள் இறங்கியது நினைவிருக்கும்.

இனி அந்த யூ.எஸ்.பி. முனை. ரிலே வழியாகப் போகிற எதுவும் சாவியை எடுத்ததும் செத்துவிடும். அதுதான் பெட்டரிக்குப் பாதுகாப்பு. ஆனால் 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரன்ட் இல்லாதபோது, லயத்தில் எல்லோர் போனுக்கும் உயிர் கொடுத்தது இந்த மாதிரி வண்டிகள்தான். சில மாதத்தில் பெற்றோலும் கியூ.ஆர். அட்டைக்கு வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்றானது. போனுக்காக எஞ்சினை ஓடவிடுவது கட்டுப்படியாகாது. சாவி போடாமலும் சார்ஜ் ஏற வேண்டும், மற்ற நாளில் ஏறவும் கூடாது.

அமெரிக்காவில் ஃபியூஸ்பிளாக்ஸ் என்ற கம்பெனி எஃப்.இசட்.-1 என்ற பெட்டியை விற்கிறது. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே பியூஸை இந்தப் பக்கம் குத்தினால் எப்போதும் கரன்ட், அந்தப் பக்கம் குத்தினால் சாவி போட்டால் மட்டும். தம்பி அதைக் கண்டதில்லை. ஆனாலும் அதே வழிக்குத்தான் வந்திருக்கிறார்: யூ.எஸ்.பி. வயருக்கு இரண்டு பியூஸ் இருப்பிடம், ஒன்று ரிலேக்கு முன்னால், மற்றது பின்னால். பியூஸ் ஒன்றே ஒன்று. தேவைப்பட்டால் இடம் மாற்றலாம்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. யாராவது காலி இடத்தைப் பார்த்து, பியூஸ் தொலைந்துவிட்டதென்று நினைத்து இன்னொன்றைக் குத்தினால், கரன்ட் ஒன்றின் வழியாக வந்து மற்றதன் வழியாக ரிலேயைச் சுற்றிக்கொண்டு வரிசை முழுவதற்கும் போய்விடும். சாவி சட்டைப்பையில் இருக்கும், பொக் லைட் எரியும். சொன்னேன். தம்பி கொஞ்ச நேரம் மூடியின் உட்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்துக் கைவைக்கப்போவது சிங்கள மெக்கானிக்காக இருந்தாலும் விளங்கட்டும் என்று, எழுத்தே இல்லாமல் லைட், ஹோர்ன், போன் என்று அங்கே படமாக வரைந்து வைத்திருக்கிறார். இன்னொரு படம் வரைவாரோ என்று நினைத்தேன். அவர் டூல் பையைத் துழாவி, எப்போதோ எரிந்துபோன பியூஸ் ஒன்றை எடுத்து அந்தக் காலி இடத்தில் குத்தினார்.