செவியும் பொழுதும்: ‘கிட் ஏ’ இசைத்தொகுப்பின் ஏற்பு வரலாறு

முன்னுரை

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயர் பகுதியில் உருவான ரேடியோஹெட் என்னும் மாற்று ராக் இசைக்குழு, 1997இல் வெளியிட்ட ‘ஓகே கம்ப்யூட்டர்’ தொகுப்பால் பெரும்புகழ் பெற்றது. அதனை அடுத்து 2000 அக்டோபரில் வெளிவந்த ‘கிட் ஏ’ கேட்போரையும் திறனாய்வாளரையும் இரு அணிகளாகப் பிரித்தது. திறனாய்வாளருள் சிலர் முதலில் தவறாகக் கணித்தனர், பின்னர்க் காலம் உண்மையை நிலைநாட்டியது என்பதே இத்தொகுப்பு குறித்து இன்று வழங்கும் கருத்து. அக்கருத்து முழுமையானதன்று என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எதிர்பார்ப்பு எல்லை

ஏற்புக் கோட்பாட்டை 1967இல் முன்வைத்த ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் ராபர்ட் யவுஸ், ஒரு படைப்பு அதன் நுகர்வோரிடம் முன்பே அமைந்துள்ள ‘எதிர்பார்ப்பு எல்லை’யை எதிர்கொள்கிறது என்பார். முந்தைய தொகுப்பைக் கேட்டோர் கிதார் முழக்கத்தையும் உருக்கமான குரலையும் எதிர்பார்த்தனர். ‘கிட் ஏ’யிலோ கிதார் பின்னுக்குச் சென்றது, மின்னணுத் தாளங்களும் ஓந்த் மார்த்தனோ என்னும் பழைய மின்னிசைக் கருவியும் முன்னுக்கு வந்தன. தலைப்புப் பாடலில் தாம் யார்க்கின் குரல் சொற்கள் எளிதில் விளங்காதவாறு உருமாற்றப்பட்டிருந்தது. தனிப்பாடல் வெளியீடு எதுவும் இல்லை. எனினும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அது விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது.

ஒரே கூறு, இரு தீர்ப்பு

பிட்ச்ஃபோர்க் இணைய இதழ் இத்தொகுப்புக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண் வழங்கியது. மெலடி மேக்கர் இதழில் மார்க் போமான்ட் கடுமையாக மறுத்தெழுதினார். இரு தரப்பினரும் கண்ட மாற்றங்கள் ஏறத்தாழ ஒன்றே, மதிப்பீடே வேறுபட்டது.

நியூயார்க்கர் இதழில் நிக் ஹார்ன்பி எழுதிய மதிப்புரை இவற்றினின்றும் வேறானது. இத்தொகுப்பு வேண்டும் பொறுமையும் ஈடுபாடும், உழைத்து ஊதியம் பெறும் வயதை எட்டியோரிடம் அருகிவிடுகின்றன என்பது அவர்தம் வாதம். பிழைபட்ட கணிப்புக்குச் சான்றாக இன்று காட்டப்படும் அம்மதிப்புரை, உண்மையில் ஒலியைவிடக் கேட்போரின் பொழுதைப் பற்றியே மிகுதியும் பேசுகிறது.

கேட்கும் முறை

பாடம் கேட்கும் முறையைக் கூறும் நன்னூல், இருமுறை கேட்பவன் நூலில் பிழையிலனாவான் என்றும், மும்முறை கேட்பவனே முறையறிந்து பிறர்க்கு உரைப்பான் என்றும் வகுக்கிறது. ‘கிட் ஏ’யைப் பொறுத்தவரை இம்முறை தலைகீழாயிற்று. முன்கூட்டிய படிகள் தாராளமாக வழங்கப்படவில்லை; திறனாய்வாளர் பலர் கட்டுப்பாடான சூழலிலேயே கேட்க நேர்ந்தது. ஆர்வலரோ வெளியீட்டுக்கு முன்பே நாப்ஸ்டர் வழியே பரவிய பாடல்களைத் திரும்பத் திரும்பக் கேட்கும் வாய்ப்புப் பெற்றனர். பிறர்க்கு உரைக்க வேண்டியவருக்குக் கிடைத்ததினும் மிகுதியான கேள்வி, உரைக்க வேண்டாதவருக்குக் கிடைத்தது.

காலத்தின் தீர்ப்பா?

2009இல் ரோலிங் ஸ்டோன், பிட்ச்ஃபோர்க் ஆகிய இரண்டும் அப்பத்தாண்டின் தலைசிறந்த தொகுப்பாக ‘கிட் ஏ’யைத் தேர்ந்தன. ஆயினும் 2010இல் கார்டியன் இதழில் அதனை மீண்டும் மதிப்பிட்ட போமான்ட் தம் மறுப்பைக் கைவிடவில்லை. எல்லை எல்லோருக்கும் ஒருசேர விரிவதில்லை என்பதற்கு இது சான்றாகும். மேலும், இத்தகைய பட்டியல்களைத் தொடர்ந்து கேட்டவர்களே உருவாக்குகின்றனர். ஒருமுறை கேட்டு விலகியோரின் கருத்து அவற்றில் இடம்பெறுவதில்லை. எனவே காலத்தின் தீர்ப்பு எனப்படுவது, காலத்தைச் செலவிட இயன்றவர்களின் தீர்ப்பே எனலாம்.

முடிவுரை

இதனால் ‘கிட் ஏ’யின் சிறப்புக் குறைவதில்லை, மீண்டும் மீண்டும் கேட்கத் தூண்டியதே அதன் வலிமை. ஆனால் அதனை ஏற்காதோரைச் செவியற்றோர் என ஒதுக்குவது ஆய்வு நெறியாகாது. யார் எத்தனை முறை, எந்நிலையில் கேட்டனர் என்பதையும் கணக்கிற்கொள்ளும்போதே ஏற்பு வரலாறு நிறைவு பெறும். கேட்பதற்குரிய ஓய்வு யாருக்கு வாய்க்கிறது என்னும் ஹார்ன்பியின் வினாவுக்குப் பட்டியல்களில் விடையில்லை.