கேள்வி கேட்பவருக்குப் படி அளப்பது யார்?

மனிதர்களைக் கொண்டு செய்யும் மருத்துவ ஆராய்ச்சிக்கு நம் நாட்டில் விதி இல்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1980-லேயே ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. அது 2000-இல் விரிவான நெறிமுறை நூலாயிற்று. 2006-இல் திருத்தம், 2017-இல் மறுபடியும் புதிய நூல். தலைப்பையே பாருங்கள். 2000-இல் ஆராய்ச்சிக்கு 'உட்படுபவர்' என்றிருந்த மனிதர் 2006-இல் 'பங்கேற்பவர்' ஆகிவிட்டார். நல்ல மாற்றந்தான்.

2017 நூலைப் பொறுமையாகப் படித்தேன். 12 பிரிவுகள். நெறிமுறைக் குழுவில் 7 முதல் 15 பேர் வரை இருக்க வேண்டும், தலைவர் வெளியாளாக இருக்க வேண்டும், உறுப்பினரில் பாதிப்பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவராக இருக்க வேண்டும், மருத்துவம் படிக்காத பாமரர் ஒருவருக்கும் இடம் உண்டு. கடையில் உட்கார்ந்து காலம் கழித்த எனக்கு அந்தப் பாமரர் நாற்காலி மிகவும் பிடித்தது. ஒப்புதல் எப்படி வாங்குவது, ஏழை எளியவரை எப்படிக் காப்பது, பேரிடர் காலத்தில் என்ன செய்வது எல்லாம் இருக்கிறது. உறுப்பினருக்குப் பயிற்சி வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் இந்த விதிகள் களத்தில் பலித்தனவா, எங்கே வழுக்கின என்று தொடர்ந்து ஆராயும் அறிஞர்களுக்கு யார் பணம் தருவது? 12 பிரிவில் அதற்கென ஒன்று இல்லை. பேரேடு எழுத ஆள் வைத்துவிட்டு, அதைத் தணிக்கை செய்ய ஆள் வைக்காத கடை மாதிரி இருக்கிறது.

வெறும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கம்மத்தில் நடந்ததைப் பாருங்கள். 2009 ஜூலையில் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் (இன்று தெலங்கானா), ஆகஸ்டில் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டார்கள். நடத்தியது 'பாத்' என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனம். பணம் கேட்ஸ் அறக்கட்டளையுடையது. விதி நூல் எழுதிய அதே கவுன்சிலும் கூட்டாளி! சுமார் 24,000 சிறுமிகள். ஏழு பேர் இறந்தார்கள் என்று செய்தி வந்தது. அந்த இறப்புகளுக்கு ஊசியைக் காரணமாகச் சொல்ல முடியாது என்றே அரசு விசாரணை முடிந்தது. ஊசியைப் பற்றி எனக்கு வழக்கு ஏதும் இல்லை, அது பயனுள்ளது என்பதே மருத்துவ உலகின் முடிவு.

என் வழக்கு ஒப்புதல் படிவத்தைப் பற்றியது. கம்மம் பக்கத்தில் ஆராயப்பட்ட 9,543 படிவங்களில் 2,763-இல் கையெழுத்துப் போட்டிருந்தவர் விடுதிக் காப்பாளர். 1,948-இல் வெறும் கைநாட்டு. தாய் தகப்பன் உயிரோடு இருக்க, வார்டன் யாருங்க சம்மதம் சொல்ல? சிறுவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்ற விதி 2006 நூலிலேயே இருந்ததே! நாடாளுமன்ற நிலைக்குழு இதையெல்லாம் 2013 ஆகஸ்டு அறிக்கையில் கடுமையாகச் சாடியது.

முதலில் கம்மத்துக்குப் போய் வீடு வீடாகக் கேட்டவர்களில் முக்கியமானவர்கள் 'சாமா' என்ற தில்லிப் பெண்கள் அமைப்பினர். 2010 மார்ச்சில் போனார்கள், ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. ஒரு பல்கலைக்கழகத் துறையோ, இதற்கென்றே அரசு சம்பளம் வாங்கும் ஓர் ஆய்வாளரோ செய்ய வேண்டிய வேலை அது. மும்பையிலும் கதை அப்படித்தான். 1993 முதல் மருத்துவ அறத்துக்கென்று ஒரு பத்திரிகையை நடத்தி, இன்று 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் எத்திக்ஸ்' என்று பெயர் பெறச் செய்தவர்கள் சில மருத்துவர்களும் ஆர்வலர்களுமே.

அமெரிக்காவில் இது வேறு மாதிரி நடந்தது. டஸ்கீகியில் சுமார் 600 கறுப்பின ஆண்களைப் பார்வையில் வைத்து, நோயுற்றவர்களுக்கு உரிய சிகிச்சை தராமல் 40 ஆண்டு ஓட்டிய அக்கிரமம் 1972-இல் வெளியானது. 1974-இல் சட்டம் போட்டு ஒரு தேசிய ஆணையம் அமைத்தார்கள். தத்துவம் படித்தவர்களை அரசுப் பணத்தில் உட்கார்த்தி வேலை வாங்கினார்கள், 1979-இல் பெல்மான்ட் அறிக்கை வந்தது. பிறகு 1990-இல் மனித மரபணுத் திட்டம் தொடங்கியபோது, அதன் பணத்திலேயே ஒரு பங்கை அறம், சட்டம், சமூகம் பற்றிய ஆய்வுக்கு ஒதுக்கினார்கள். முதலில் 3 சதவீதம், பிறகு தேசிய சுகாதாரக் கழகத்தின் பங்கு 5 சதவீதம்.

இது நமக்குப் புதிதா? மூட்டைக்கு இத்தனை என்று எடுத்து வைத்துக் கோயிலும் பள்ளியும் நடத்திய மகமை வேறென்ன?

இந்தியாவிலோ இந்தப் படிப்புக்கான பணத்தில் ஒரு பகுதி வெளிநாட்டிலிருந்து வந்தது. அமெரிக்காவின் ஃபோகர்ட்டி மையம் 2000 முதல் வளரும் நாடுகளில் ஆராய்ச்சி அறநெறிப் பயிற்சிக்கு நிதி தந்து வந்தது. 2025-இல் அந்நாட்டு அரசின் வரவுசெலவு முன்மொழிவில் அந்த மையத்தையே மூடிவிடலாம் என்று எழுதினார்கள். மூடினாலும் மூடாவிட்டாலும், நம் கம்மத்துக் கேள்வியைக் கேட்கப் பிறத்தியார் படி அளக்க வேண்டும் என்று காத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்கள் சமண நெறியில் ஒரு வினையை மூன்றாகப் பார்ப்பார்கள்: செய்தல், செய்வித்தல், செய்வாரை உடன்படுதல். மூன்றுக்கும் பொறுப்பு உண்டு. கொன்றவனுக்கே பாவம், வாங்கித் தின்பவனுக்கு இல்லை என்ற பௌத்தர் வாதத்தை நீலகேசி விடாமல் மறுப்பது இந்தக் கணக்கில்தான். இங்கே ஊசி போட்டவர் செய்தவர், பணம் தந்தவர் செய்வித்தவர், முத்திரை வைத்த குழு உடன்பட்டது. 2017 நூல் முதலாமவருக்கும் மூன்றாமவருக்கும் பக்கம் பக்கமாகப் பேசுகிறது. செய்விப்பவருக்கு அந்த அளவு இல்லை. மகமையும் அவர் பையிலிருந்துதான் வர வேண்டும்.

சம்பளம் கொடுப்பவரை எதிர்த்து அந்த அறிஞர் எப்படிப் பேசுவார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் ஆராய்ச்சிக்காரர் கையால் நேரே கொடுக்கக் கூடாது என்கிறேன். ஒவ்வொரு பெரிய மானியத்திலும் நூற்றுக்கு ஒன்று பொது நிதிக்குப் போகட்டும். அதைப் பிரித்துத் தருவதைக் கவுன்சிலுக்கு வெளியே உள்ள ஒரு குழு செய்யட்டும். அறிக்கை யாருக்கு உவக்கிறதோ இல்லையோ, அப்படியே அச்சாகட்டும், கம்மத்துத் தாய்மாருக்காகத் தெலுங்கிலும்.