ஆறு வயதில் மூன்று மொழி

கேமரன் மலையில் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். அன்றைய மலாயாத் தோட்டப் பள்ளிகளில் பெரும்பாலும் தமிழில் கொஞ்சம் எழுத்து, கொஞ்சம் கணக்கு; அதோடு சரி. தோட்டத்தில் பள்ளி வைக்கும்படி 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் முதலாளிகளைக் கட்டாயப்படுத்தியதே ஒழிய, பிள்ளைகள் மேலே படிக்க வழி செய்யவில்லை. ஆங்கிலம் படித்தவர் தோட்ட அலுவலக எழுத்தரான கிராணியானார். மற்றவர் பிள்ளைகள் விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்றார்கள். பாலர் பள்ளியிலேயே ஆங்கிலமும் மலாயும் வேண்டும் என்று இன்றைய பெற்றோர் கேட்பதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

அந்தக் கோரிக்கையில் நியாயம் உண்டு. சின்ன வயதில் நாக்கு வளையும், தப்பாகப் பேசக் கூச்சம் இராது. அதைவிட வலுவான காரணம் ஒன்றும் உண்டு. கோலாலம்பூரில் வசதியான வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலம் வீட்டிலேயே கிடைத்துவிடும். பள்ளி தாமதித்தால் இழப்பு தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைக்குத்தான்.

ஆனால் சீக்கிரம் தொடங்கினாலே நன்றாக வந்துவிடும் என்பதை ஏற்க முடியவில்லை. பார்சலோனாவில் மொழி ஆய்வாளர் கார்மென் முன்யோஸின் குழுவினர், ஆங்கிலத்தை 8 வயதில் தொடங்கியவர்களையும் 11 வயதில் தொடங்கியவர்களையும் ஒரே அளவு வகுப்பு நேரத்துக்குப் பிறகு ஒப்பிட்டார்கள். முந்தியது பிந்தித் தொடங்கிய அணி. இளம்வயதின் லாபம் நாள் முழுதும் அந்த மொழி காதில் விழும் பிள்ளைக்கே கிட்டுகிறது; வாரத்தில் சில பாடவேளை அதற்குப் போதாது.

கேமரன் மலையில் மலாய் அப்படிக் காதில் விழுகிறது. தானா ராத்தா கடைத்தெருவில் அதுதான் பேச்சு; வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களோடு பேசவும் அதுதான் உதவுகிறது. ஆங்கிலமோ தோட்டம் பார்க்க வரும் சுற்றுப்பயணிகளின் வாயில் கேட்பதோடு போய்விடுகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துத் திட்டம் போடுவது முதல் பிழை.

இரண்டாவது பிழையை எழுத்துப் பாடத்தில் பார்க்கலாம். மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே ரோமன் எழுத்து. மலாய்ப் பாடத்தில் 'சாவான்' என்று கோப்பையைப் படிக்கும்போது 'சி' என்ற எழுத்துக்குச் சகர ஒலி. அடுத்த பாடவேளையில் ஆங்கிலப் பூனைக்கு அதே எழுத்து ககரமாகிவிடுகிறது. இதற்கிடையே தமிழ் உயிர்மெய் வரிசை வேறு. ஆறு வயதில் மூன்றும் ஒன்றாக வந்தால் பிள்ளை வாசிப்பதை விட்டு ஊகிக்கத் தொடங்கிவிடும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் விடுவிப்பது கடினம்.

மொழியைக் கற்பிப்பது வேறு, அந்த மொழியில் பாடம் நடத்துவது வேறு. மலேசிய அரசு 2003இல் ஒன்றாம் ஆண்டிலிருந்தே கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்தச் சொன்னது; தமிழ்ப்பள்ளிகளும் பின்பற்றின. கழித்தல் கணக்கு புரியாத பிள்ளைக்குப் புரியாதது கழித்தலா, ஆங்கிலமா என்று ஆசிரியரே கண்டுபிடிக்க முடியாத நிலை அது. 2009இல் அத்திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தது சரியான முடிவு. இருமொழித் திட்டம் என்ற பெயரில் 2016இல் அதே கதவு பாதி திறந்தது எனக்கு உவப்பாக இல்லை. தாய்மொழியில் வேரூன்றிய வாசிப்புதான் அடுத்த மொழிக்கும் கைகொடுக்கும் என்று இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இலேயே எழுதியிருக்கிறார்.

ஆகவே தோட்டத்துப் பாலர் பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் கதை, பாட்டு, விளையாட்டாக வாய்மொழியில் மட்டும் இருக்கட்டும். தமிழ் எழுத்து கைவந்ததும், ஒலித்தபடியே எழுதும் மலாய். ஆங்கில எழுத்துக்கூட்டல் அதற்கும் ஓராண்டு கழித்து. 150 மாணவரை எட்டாத பள்ளியை அரசே 'குறைந்த மாணவர் பள்ளி' என்று தனியாகக் கணக்கெடுக்கிறது. அப்படிப்பட்ட மலைப்பள்ளிகளுக்கு, சரளமாக ஆங்கிலம் பேசும் ஓர் ஆசிரியரைத் தங்குமிடத்தோடு நியமித்து, அவர் இடமாற்றம் கேட்காதபடி பார்த்துக்கொள்வது கல்வி அமைச்சின் கையில் இருக்கிறது.